எப்காட்டின் மொராக்கோ அரங்கு: அந்தச் சுவர் ஏன் செட் போலத் தெரியவில்லை?

கேள்வி இதுதான்: "ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஏரியைச் சுற்றிப் பதினொரு நாட்டு அரங்குகள். மற்றதெல்லாம் அழகான சினிமா செட் மாதிரி இருந்தது, மொராக்கோ மட்டும் அப்படித் தெரியவில்லை. அந்த நாட்டு அரசரே ஆள் அனுப்பிக் கட்டிக்கொடுத்தார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். உண்மையா? அந்த அரங்கின் கதை என்ன?"

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர் சொன்னதும் பொய்யில்லை. மொராக்கோவின் அரசர் இரண்டாம் ஹசன் தன் நாட்டுக் கைவினைஞர்களை ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார். நீங்கள் பார்த்த வண்ண ஓட்டுச் சித்திரங்களில் பெரும்பகுதி அவர்கள் செய்தது. ஆனால் அரசர் ஆள் அனுப்பினார் என்பதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். வந்தவர்கள் என்ன செய்தார்கள், அதற்கு முன் ஒரு நூறாண்டாக இந்த மாதிரி அரங்குகளை யார் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சுவரின் அருமை தெரியும். நான் கட்டடக்கலை படித்தவன். எப்காட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் பெரும்பொழுது அந்த ஒரே அரங்கில்தான் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வால்ட் டிஸ்னி 1966-இல் எப்காட் என்று பேசியது பூங்காவைப் பற்றி அல்ல, மக்கள் குடியிருக்கும் ஒரு புது நகரத்தைப் பற்றி. அந்த நகரத்தின் நடுவில் வெவ்வேறு நாடுகளின் தெருக்களைப் போன்ற கடைவீதிகள் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். குடியிருப்பு நகரம் நடக்கவில்லை. நாடுகளின் தெரு என்ற யோசனை மட்டும் தங்கியது. 1970களில் அதை வைத்து ஒரு திட்டம் போட்டார்கள்: எதிரெதிரே இரண்டு பெரிய அரைவட்டக் கட்டடங்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் அதில் ஒரு பங்கு. எல்லா நாட்டுக்கும் முகப்பின் அகலம் ஒன்றே. உள்ளே எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது அவரவர் வசதி. பணக்கார நாடு வாசலில் பெரிதாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் கைவிடப்பட்டு, கடைசியில் ஏரியைச் சுற்றித் தனித்தனிக் கட்டடங்கள் என்று முடிவானது.

1982 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தபோது ஒன்பது நாடுகள் இருந்தன: மெக்சிகோ, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், பிரிட்டன், கனடா. அரசாங்கங்கள் பணம் போடும் என்று டிஸ்னி எதிர்பார்த்திருந்தது. பெரும்பாலும் வந்தது நிறுவனங்கள்தான். ஜப்பான் அரங்கை மிட்சுகோஷி கடை நடத்தியது. பிரான்ஸ் உணவகத்தின் பின்னால் பால் போக்யூஸ் உட்பட மூன்று பெரிய சமையற்கலைஞர்கள் இருந்தார்கள். அமெரிக்க அரங்குக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் கொக்கோ கோலாவும். பெயர் நாட்டுடையது, உள்ளே இருப்பது வியாபாரம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தை யார் கட்டச் சொல்கிறார்கள் என்பது அதன் முகத்தில் தெரியும். இஸ்ரேல், ஸ்பெயின், நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா ஆகிய மூன்றுக்கும் வரப்போகிறது என்று அறிவிப்பு மட்டும் வந்தது, அரங்கு எழவில்லை.

அப்படி இருக்கும்போது, 1984 செப்டம்பர் 7 அன்று மொராக்கோ திறந்தது. தொடக்கத்தில் இருந்த ஒன்பதுக்குப் பிறகு சேர்ந்த முதல் நாடு அது. 1988-இல் நார்வே வந்ததோடு பதினொன்று ஆனது. அதன்பின் இன்றுவரை புது நாடு ஒன்றும் சேரவில்லை.

மொராக்கோ ஏன்? அமெரிக்காவோடு அதற்குப் பழைய உறவு உண்டு. 1777-இல், அமெரிக்கா விடுதலைப் போரில் இருந்தபோதே, சுல்தான் மூன்றாம் முகம்மது தன் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். 1786-இல் இரு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்புறம், இரண்டாம் ஹசனுக்குச் சுற்றுலாப் பயணிகள் வேண்டும், அமெரிக்கர்களின் நல்லெண்ணம் வேண்டும். இதெல்லாம் அரசியல் காரணங்கள். ஆனால் அந்த அரசருக்குக் கட்டடக் கைத்தொழில் மீது உண்மையான பற்று இருந்தது, அதையும் மறுக்க முடியாது. 1971-இல் தன் தந்தை ஐந்தாம் முகம்மதுவுக்காக ரபாத் நகரில் அவர் முடித்த நினைவிடத்தைப் பாருங்கள். வடிவமைத்தவர் வோ தோவான் என்ற வியட்நாமியக் கட்டடக் கலைஞர். ஆனால் சுவரிலும் கூரையிலும் இருக்கும் அலங்காரம் மொராக்கோக் கைவினைஞர்களின் வேலை. எப்காட் அரங்கு திறந்து இரண்டு ஆண்டில், காசாபிளாங்காவில் கடலோரம் இரண்டாம் ஹசன் பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது. 1993-இல் அது முடியும்வரை ஆயிரக்கணக்கான கைவினைஞர்களுக்கு அங்கே வேலை இருந்தது. எப்காட்டை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அரசர் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு உதவி செய்தார் என்று தோன்றாது. தான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை இன்னொரு இடத்திலும் செய்தார் என்றுதான் தோன்றும்.

மொராக்கோ அரசு இந்த அரங்கின் வடிவமைப்பிலேயே பங்கெடுத்தது. நகல்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அது கண்டிப்பாக இருந்தது.

சரி, அந்த ஓட்டு வேலைக்கு வருகிறேன். அதன் பெயர் ஸெல்லீஜ். மொராக்கோவின் பழைய நகரமான ஃபெஸ்ஸைச் சுற்றிக் கிடைக்கும் களிமண்ணைச் சதுரமாகத் தட்டி, காயவைத்து, சுட்டு, மேலே வண்ண மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். ஃபெஸ் சூளைகளில் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் ஆலிவ் சக்கையையும் கொட்டையையும் எரிப்பது பழைய வழக்கம். உள்ளங்கை அளவுள்ள அந்தச் சதுர ஓட்டை அப்படியே பதிப்பதில்லை. வெட்டுகிறவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மன்காஷ் என்ற கூர்வாய்ச் சுத்தியலால் அதைச் சின்னச் சின்ன வடிவங்களாகக் கொத்தி எடுக்கிறார்: எட்டு முனை விண்மீன், நீள்பட்டை, பாதாம் வடிவம், சிலுவை வடிவம் என்று. ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. வெட்டுகிற ஒவ்வொரு துண்டின் பின்புற ஓரத்தையும் கொஞ்சம் சரிவாகச் செதுக்கிவிடுவார். முன்பக்கம் துண்டுகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும், பின்பக்கம் சாந்து இறங்க இடமும் வேண்டும், அதற்காக.

அடுத்த கட்டம்தான் என்னை முதன்முதலில் வியக்கவைத்தது. துண்டுகளை அடுக்கும்போது முகம் கீழே, முதுகு மேலே. அதாவது வண்ணம் தரையைப் பார்த்திருக்கும். அடுக்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மெருகில்லாத மண்ணின் நிறம்தான். எந்த இடத்தில் நீலம், எந்த இடத்தில் பச்சை என்பது முழுக்க அவர் நினைவில் இருக்கிறது. எல்லாம் அடுக்கி முடித்துப் பின்னால் சாந்து ஊற்றி, அது இறுகிய பிறகு பலகையாகத் தூக்கிச் சுவரில் நிறுத்துவார்கள். அப்போதுதான் கோலம் முதன்முதலாக வெளியே தெரியும். ஒரு துண்டு இடம் மாறியிருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். இப்படி வேலை செய்கிற மூத்த கைவினைஞரை மஅல்லிம் என்பார்கள். கற்றுக்கொடுப்பவர் என்று பொருள். சிறுவயதில் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கி, பல ஆண்டு கழித்துத்தான் சுத்தியல் கைக்கு வரும்.

எப்காட்டுக்காக ஒன்பது டன் ஓடு கையால் செய்து, வெட்டி, கப்பலில் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எடையை விட முக்கியம், ஓட்டோடு ஆட்களும் வந்தார்கள் என்பது. அரங்கின் உள்ளே இருக்கும் நீரூற்றுச் சுவரின் அருகே போய் நின்றால் இது புரியும். ஒரே பச்சையில் நான்கைந்து பச்சை இருக்கிறது. ஒரு துண்டு சற்றே உள்வாங்கியிருக்கும், பக்கத்துத் துண்டு ஒரு மயிரிழை மேலே நிற்கும். வெயில் அதன் மேல் விழும்போது ஒளி ஒரே பக்கமாகத் திரும்பாமல் தண்ணீர் மேல் விழுவதுபோல் உடைந்து உடைந்து வரும். அச்சில் வார்த்த ஓடு இப்படி மினுங்காது. நீங்கள் 'செட் மாதிரித் தெரியவில்லை' என்று சொன்னீர்களே, அதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கண் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் உணர்ந்துவிடுகிறது.

சுற்றுலா வழிகாட்டிகள் இங்கே ஒரு கதை சொல்வார்கள். இறைவன் ஒருவனே குறையற்றவன், அதனால் ஒவ்வொரு ஓட்டுச் சித்திரத்திலும் கைவினைஞர் வேண்டுமென்றே ஒரு குறை வைத்திருக்கிறார், கண்டுபிடியுங்கள் என்று. நம்பிக்கையின் பணிவு அந்தத் தொழிலில் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு குறை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துச் சுவரைப் பார்த்தால், சுவர் முழுக்க இருக்கும் கையின் தடம் தவறிப்போய்விடும். அந்த விளையாட்டை விட்டுவிட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று: இந்தச் சித்திரங்களில் எங்கும் மனித உருவம் இல்லை. உருவம் வரைவதைத் தவிர்க்கும் மரபு அது. கோணமும் விண்மீனும் கொடியும் எழுத்தும்தான். கார்ட்டூன் முகங்களால் பெயர் வாங்கிய ஒரு நிறுவனத்தின் பூங்காவில், முகமே இல்லாத சுவர்கள்.

சுவரில் ஓடு இடுப்புயரமோ ஆளுயரமோ வரைதான். அதற்கு மேல் செதுக்கிய சுதை. அதற்கும் மேல் செதுக்கி வண்ணம் தீட்டிய மரம். இந்த மூன்று அடுக்கு ஒழுங்கு ஃபெஸ் நகரத்தின் பழைய மதரசாக்களில் இருப்பதுதான். கீழே கை படும், தண்ணீர் தெறிக்கும், அங்கே மெருகேற்றிய ஓடு. நடுவில் நிழலை வாங்கிக் காட்டச் சுதை. மேலே பாரம் தாங்க மரம். அழகுக்கு முன்னால் இதில் உபயோகம் இருக்கிறது.

இனி அரங்கின் அமைப்பு. ஏரிக்கரையில் இருந்து பார்த்தால் முதலில் தெரிவது மராகேஷ் நகரத்தின் குதுபிய்யா மினாராவின், அதாவது பள்ளிவாசல் கோபுரத்தின், சிறிய நகல். மூலம் 12-ஆம் நூற்றாண்டில் அல்மொஹாத் அரச மரபின் ஆட்சியில் கட்டியது, உச்சிக் குமிழ்களோடு சேர்த்து ஏறக்குறைய 77 மீட்டர். ஸ்பெயினில் செவியா நகரத்தின் ஹிரால்டா கோபுரமும் ரபாத்தில் பாதியில் நின்ற ஹசன் கோபுரமும் அதன் உடன்பிறப்புகள். உள்ளே வந்தால் முன் முற்றம், மொராக்கோவின் புது நகரப் பாணியில், அகலமாக, திறந்தவெளியாக. அங்கே இரண்டாவது மினாரா, ரபாத்துக்கு வெளியே உள்ள ஷெல்லா கல்லறைத் தோட்டத்தில் இருப்பதன் நகல். அந்த முற்றத்தைத் தாண்டி, ஃபெஸ் நகரத்தின் பாப் பூஜ்லூத் வாயிலின் நகல். அதற்குள் நுழைந்தால் மதீனா, பழைய நகரம். ஃபெஸ்ஸில் இருக்கும் நஜ்ஜாரீன் நீரூற்றின் நகல், நடுமுற்றத்தோடு ஃபெஸ் வீடு ஒன்று, கடைகள். கரையோரத் தோட்டத்தில் ஆலிவும் பேரீச்சையும் நாரத்தை வகை மரங்களும், வாய்க்காலுக்கு நீர் இறைத்துவிடும் ஒரு நீர்ச்சக்கரமும்.

பதினொரு அரங்குகளில் இட நெருக்கடியை மிக நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது இதுதான் என்பது என் கருத்து. காரணம் எளிது. பிரான்ஸ் அரங்கின் ஈபிள் கோபுரம் பத்தில் ஒரு பங்கு அளவில் கூரைக்குப் பின்னால் நிற்கிறது. பக்கத்தில் போனால் மாயம் கலைந்துவிடும் என்பதால் யாரையும் அருகே விடுவதில்லை. கனடாவின் ஹோட்டல் கட்டடத்தில் மேலே போகப் போக ஜன்னல்களைச் சிறிதாக்கி உயரத்தைப் பொய்யாகக் காட்டியிருக்கிறார்கள். பெரிய வெளிகளையும் பெரிய கட்டடங்களையும் கொண்ட ஊரைச் சின்ன மனையில் காட்ட வேண்டுமானால் இப்படிக் கண்கட்டு வேலை தேவை. ஃபெஸ் மதீனாவுக்குத் தேவையில்லை! அதன் சந்துகளே ஒடுக்கமானவை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். இருபது அடிக்கு ஒரு திருப்பம், அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் சந்துகளை அவற்றின் உண்மையான அகலத்துக்கு நெருக்கமாகவே கட்ட முடிந்தது. எல்லை எங்கே என்று தெரியாததால் இடம் பெரிதாகவும் தோன்றுகிறது. மினாராக்கள் மட்டும்தான் சுருங்கின. கால் நடக்கும் இடம், கை தொடும் சுவர் இரண்டும் ஏறக்குறைய மெய்யான அளவில் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு இது இரண்டாவது காரணம்.

இங்கே ராட்டினம் இல்லை, படகுச் சவாரி இல்லை, பெரிய திரைப்படம் இல்லை. அதனால் பலர் பத்து நிமிடத்தில் கடந்து போய்விடுகிறார்கள். வருத்தமாக இருக்கும்.

இப்போது நூறாண்டுக் கதைக்கு வருகிறேன். 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ தெரு' என்று ஒன்றைக் கட்டினார்கள். கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பழமை தெரிய வேண்டும் என்று சுவர்ச் சாயத்தையே அழுக்காக்கிப் பூசினார்கள். எகிப்தில் இருந்து கழுதைகளைக் கொண்டுவந்து சவாரி விட்டார்கள். தெருவில் ஒரு பள்ளிவாசலின் முகப்பும் மினாராவும் இருந்தன. எகிப்தில் இருந்து பாரிஸுக்கு வந்திருந்த சிலர் அந்தப் பள்ளிவாசலுக்குள் போய்ப் பார்த்தார்கள். உள்ளே காப்பிக் கடை, நடனம். வாசல் மட்டும் பள்ளிவாசல். தங்கள் ஊர் என்று சொல்லி வைத்திருந்த இடத்தைவிட்டு அவர்கள் வெட்கத்தோடு வெளியேறினார்கள். நான்கு ஆண்டு கழித்துச் சிகாகோ கண்காட்சியிலும் ஒரு கெய்ரோ தெரு வந்தது. கேளிக்கைப் பகுதியில் அதற்குத்தான் பெருங்கூட்டம்.

மொராக்கோவின் அனுபவமும் இதே பாதையில்தான் போனது. 1912-இல் அது பிரான்சின் காப்பாட்சி ஆனது, அதாவது அரசர் இருந்தாலும் அதிகாரம் பிரான்சிடம், 1956-இல்தான் விடுதலை. இடையில் 1931-இல் பாரிஸின் வான்சேன் காட்டில் நடந்த காலனி நாடுகளின் கண்காட்சியில் மொராக்கோவுக்கும் ஒரு அரங்கு இருந்தது. ஆனால் அது மொராக்கோ தன்னைக் காட்டியது அல்ல. பிரான்ஸ் தன் உடைமைகளில் ஒன்றைக் காட்டியது. அந்த நாட்டின் கலை அங்கே இருந்தது, குரல் இல்லை. இரண்டாம் ஹசன் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. 53 ஆண்டு கழித்து, அவர் அரசராக இருக்கும்போது, இன்னொரு வெளிநாட்டு மண்ணில் மொராக்கோ என்று பெயர் போட்ட ஓர் அரங்கு எழுகிறது. தன் ஆட்களை அனுப்பினார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 1889-ஐயும் 1931-ஐயும் 1984-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எனக்கு அந்த ஓட்டுத் துண்டுகளின் கனம் கூடுகிறது.

அதற்காக இந்த அரங்கில் எல்லாமே நேர்மையானது என்று சொல்ல வரவில்லை. நான் விரும்புகிற இடம் என்பதாலேயே அதைச் சொல்ல வேண்டும்.

அந்த பாப் பூஜ்லூத் வாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தின் பழம்பெரும் வாசல் என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஃபெஸ் நகரத்திலும் அப்படித்தான். வெளிப்பக்கம் நீல ஓடு, ஃபெஸ்ஸின் நிறம். உள்பக்கம் பச்சை, இஸ்லாத்தின் நிறம். ஆனால் அது கட்டப்பட்டது 1913-இல், காப்பாட்சி வந்த மறு ஆண்டில், பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ். பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் எளிமையான பழைய வாயில்தான் உண்மையில் பல நூற்றாண்டு கண்டது. அதேபோல, பழைய மதீனா ஒரு பக்கம், புது நகரம் மறுபக்கம் என்று அரங்கைப் பிரித்திருப்பதும் மொராக்கோ நகரங்களின் ஆதிகால இயல்பு அல்ல. பிரெஞ்சு ஆளுநர் லியோத்தேயும் அவருடைய நகரத் திட்டக்காரர் ஆன்றி ப்ரோஸ்டும் வகுத்த கொள்கை அது. பழைய ஊரைத் தொடாமல் விடு, ஐரோப்பியர்களுக்குத் தள்ளிப் புது ஊர் கட்டு என்பது. பழைய நகரங்கள் இடிபடாமல் தப்பியது அதனால்தான். இரண்டு மக்கள் தனித்தனியாக வாழ்ந்ததும் அதனால்தான். ஆக, எப்காட்டில் ஒரு முற்றத்தில் இருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது நாம் இருபதாம் நூற்றாண்டின் ஒரு கோட்டைத் தாண்டுகிறோம். அங்கே எந்தப் பலகையும் அதைச் சொல்வதில்லை.

மராகேஷ் என்ற பெயரில் இருந்த உணவகத்தில் பல ஆண்டு இடுப்பை அசைத்து ஆடும் நடனம் நடந்தது. அது கிழக்கே எகிப்துப் பக்கம் வளர்ந்த ஆட்டம். மொராக்கோவின் ஊர்ப்புற ஆட்டங்களும் பெர்பர் என்று அழைக்கப்படும் அமாசிக் மக்களின் குழுப் பாட்டும் வேறு. மேற்கத்திய விருந்தினர் எதிர்பார்ப்பதைக் கொடுத்தார்கள். 1889-இன் நிழல் அந்த மேடையில் கொஞ்சம் மிச்சமிருந்தது என்றுதான் சொல்வேன்.

மினாரா விஷயம் இன்னும் நுட்பமானது. எப்காட்டில் மினாரா இருக்கிறது, பள்ளிவாசல் இல்லை. மொராக்கோவுக்கே போனாலும் காசாபிளாங்கா பள்ளிவாசல் போன்ற ஓரிரண்டைத் தவிர, முஸ்லிம் அல்லாதவர்களைத் தொழுகை இடத்துக்குள் விடுவதில்லை. குதுபிய்யாவையும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்த வகையில் எப்காட்டில் மினாராவோடு நிறுத்திக்கொண்டது ஒரு நல்ல முடிவு. பள்ளிவாசல் முகப்பைக் கட்டி உள்ளே காப்பிக் கடை வைக்கவில்லை. கடைகளும் உணவகமும் கடைவீதியில் இருக்கின்றன, உண்மையான ஊரிலும் அவை இருப்பது அங்கேதான். ஏரியில் முன்பு நடந்த இரவு வாணவேடிக்கையில் மற்ற அரங்குகளில் பலவற்றின் விளிம்பில் விளக்கு ஒளிரும்போது மொராக்கோவின் கோபுரங்கள் இருட்டாகவே நின்றன. தொழுகை இடத்தின் வடிவத்தை வேடிக்கை விளக்கால் சுற்ற வேண்டாம் என்ற மரியாதைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இன்னொரு தகவல், கட்டடக்கலை பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஏரியின் எதிர்க்கரையில் நின்று மொராக்கோவைப் பார்த்தால் கூரைகளுக்குப் பின்னால் மணல் நிறத்தில் இன்னொரு பெரிய கட்டடம் தெரியும். அது அந்த அரங்கின் பகுதி அல்ல. பக்கத்துப் பூங்காவில் 1994-இல் திறந்த, 199 அடி உயரமுள்ள ட்விலைட் ஸோன் டவர் ஆஃப் டெரர் என்ற சவாரிக் கட்டடம். 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும், அதனால் ஓர் அடி குறைவு. எப்காட்டில் இருந்து தெரியும் என்பதால் அதன் நிறத்தையும் உச்சி வடிவத்தையும் மொராக்கோவின் கூரைகளோடு இழையும்படி அமைத்தார்கள். பத்து ஆண்டு மூத்த அண்டை வீட்டுக்காக ஒரு புதுக் கட்டடம் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டது. நம் ஊரில் அடுத்த மனைக்காரர் இப்படி ஒரு நாளாவது யோசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அரங்கில் வேலை செய்கிறவர்களில் பலர் மொராக்கோவில் இருந்து ஓராண்டு போல வந்து போகிறவர்கள். இதற்கென்றே 1990 குடியேற்றச் சட்டத்தில் கியூ-1 என்ற விசா வகை உண்டானது. தன் நாட்டுப் பண்பாட்டைப் பகிர்ந்துகொள்ள வருகிறவருக்கு அதிகபட்சம் 15 மாதம். கடையில் நிற்கும் இளைஞரிடம் அவர் ஊரைக் கேட்டுப் பாருங்கள். ஃபெஸ் என்றோ மெக்னெஸ் என்றோ சொல்லிவிட்டு, அந்த நீரூற்று உண்மையில் எந்தச் சந்தில் இருக்கிறது என்று கையை ஆட்டி வழி சொல்வார். நான் இரண்டாம் முறை போனபோது எனக்கு அப்படி வழி சொன்ன ஒருவரால்தான் பிறகு ஃபெஸ்ஸில் நஜ்ஜாரீன் சதுக்கத்தைத் தேடாமல் கண்டுபிடித்தேன். நஜ்ஜாரீன் என்றால் தச்சர்கள். தச்சர் தெருவின் குடிநீர்க் குழாயடி அது, அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை ஓட்டு வேலை.

சமீப காலத்தில் நிலைமை மாறியிருக்கிறது. பல ஆண்டு தனி நிறுவனம் நடத்திவந்த கடைகளையும் உணவகங்களையும் பெருந்தொற்றுக்குப் பிறகு டிஸ்னியே எடுத்து நடத்துகிறது. 2020 மார்ச்சில் மூடிய மராகேஷ் உணவகம் பழையபடி திறக்கவில்லை. அதன் உட்புறக் கூரையும் சுவரும் அந்த அரங்கின் மிகச் சிறந்த வேலைகளில் சேர்த்தி. கதவுக்குப் பின்னால் அது பெரும்பாலும் கண்ணில் படாமல் இருப்பது எனக்கு மனக்கஷ்டம். நார்வேக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குக் கவலை வருவது இயல்பு. அங்கே நார்வேத் தரப்பின் நிதி நின்றுபோய்ப் பல ஆண்டு கழித்து, 2014-இல் வைகிங் படகுச் சவாரியை மூடினார்கள். 2016-இல் அதே இடத்தில் 'ஃப்ரோஸன்' படத்தின் சவாரி வந்தது. கூட்டம் கூடியது, நார்வே குறைந்தது. மொராக்கோவில் அப்படி எதையும் இதுவரை செய்யவில்லை. செய்ய நினைத்தாலும் அந்தச் சுவர்களைப் பெயர்த்தால் திரும்பப் பதிக்க ஃபெஸ்ஸில் இருந்துதான் ஆள் வர வேண்டும்.

மறுபடி போனால் ஒன்று செய்யுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள நாட்டு அரங்குகள் திறந்ததும், கூட்டம் மெக்சிகோ பக்கமோ கனடா பக்கமோ இருக்கும்போதே, நேராக நடுவுக்கு நடந்து மொராக்கோவுக்குப் போய்விடுங்கள். வாயிலைத் தாண்டி நீரூற்றுக்கு முன்னால் நில்லுங்கள். கோலம் முழுவதையும் பார்க்காமல், நடுவில் இருக்கும் ஒரே ஒரு எட்டு முனை விண்மீனைப் பிடித்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு முனையும் அடுத்த துண்டைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எட்டு முனையும் ஒரே நீளம் இருக்காது. ஓரிடத்தில் சுத்தியல் அடி கொஞ்சம் ஆழமாக விழுந்து மெருகு ஒரு நகக்கீறல் அளவு தெறித்திருக்கும். அடியில் களிமண்ணின் இளஞ்சிவப்பு தெரியும், அது ஃபெஸ்ஸின் மண்.